வந்த அன்றே முன்னாள் மாணவி

மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன கண்டக்டரம்மாவிடம், உங்கள் மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று சொன்னார்கள்.

முதலில் அவள் அதைக் கிண்டல் என்றுதான் நினைத்தாள். இருபது வருஷமாக டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவளுக்குக் காலங்காத்தால கிண்டல் செய்கிற ஆட்கள் புதிதல்ல. ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்த விடுதிக் கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்தே சிரித்திருக்க மாட்டார் என்று தோன்றியது. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, வரிசை எண் பதினேழில் விரலை வைத்தார். மகளின் பெயர் இருந்தது. சேர்ந்த தேதி, தேர்ச்சி பெற்ற தேதி, பள்ளியை விட்டு நீங்கிய தேதி எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன.

"நல்ல மார்க் வாங்கியிருக்கா. எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு. வாழ்த்துகள்" என்றார்.

கண்டக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் பட்டு புது வாளியும் பாயுமாக நின்றுகொண்டிருந்தாள். டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிற புருஷன் டிரங்குப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"சார், நாங்க இப்பத்தான் ஆட்டோவுலேர்ந்து இறங்கினோம்."

"தெரியும்மா. ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

வெளியே அரசு மீத்திறன் மாணவியர் உண்டு உறைவிடப் பள்ளி என்ற பலகை இருந்தது. மூன்று மாடிக் கட்டடம், நாற்பது பேருக்கு விடுதி, விடுதியில் நாற்பது கட்டில். கட்டில்களில் பாலிதீன் உறை கூடப் பிரிக்கவில்லை. எழுபதாயிரம் பெண் பிள்ளைகள் பரீட்சை எழுத, அதில் பதினோராம் வகுப்புக்கு நாற்பது பேரைப் பொறுக்கியெடுத்திருந்தார்கள். பட்டு பதினேழாவது. இரண்டு அறை வாடகை வீட்டில், பக்கத்து வீட்டு டிவி சத்தத்துக்கு நடுவில், தீர்ந்துபோன டிக்கெட் புத்தகங்களின் முதுகில் கணக்குப் போட்டுப் படித்த பெண். அவர்கள் பகுதிப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு டீச்சரே கிடையாது. போன வருஷம் அங்கே உடற்பயிற்சி ஆசிரியர்தான் கணக்கு எடுத்தார். விசில் ஊதி எடுத்தார் என்று கேள்வி. இந்த இடம் கிடைத்த அன்று கண்டக்டரம்மா ஒரு முழு டிரிப்பும் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தாள்.

அதனால் அவள் அவ்வளவு சுலபத்தில் நகர்வதாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விவரமாச் சொல்லுங்க சார். எனக்கு இன்னிக்கு லீவு."

கண்காணிப்பாளர் விவரமாகச் சொன்னார். கேட்க ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

"இந்தப் பள்ளிக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நிதி ஒதுக்கியாச்சும்மா. நிதித்துறையில போய்ப் பணம் கேட்டோம். பணத்தைச் செலவழிச்சதுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுங்க, உடனே தர்றோம்னாங்க. நீங்க தந்தாத்தானே செலவழிக்க முடியும்னு நாங்க எழுதினோம். செலவழிச்சாத்தானே தர முடியும்னு அவங்க எழுதினாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. ரெண்டு வருஷமாக் கடிதப் போக்குவரத்து. இந்த மாசத்தோட ஒதுக்கீடு காலாவதியாகுது. யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும்ல? நான் விட்டுக்கொடுத்தேன். சான்றிதழைக் கொடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"நாற்பது மாணவிகள் சேர்ந்தாங்க, ரெண்டு வருஷம் தங்கினாங்க, சாப்பிட்டாங்க, படிச்சாங்க, பாஸ் பண்ணாங்க, போயிட்டாங்க. ஒரே பக்கம்தான்."

"அப்ப என் பொண்ணு எழுதின பரீட்சை?"

"பேர் இல்லாமச் சான்றிதழ் எப்படிம்மா கொடுக்கிறது? கண்ட பேரை எழுதினா அது பொய்யாயிடும். அதுக்குத்தான் நேர்மையாப் பரீட்சை வெச்சு, தகுதியான நாற்பது பேரை எடுத்தோம். ஒரு சிபாரிசு கிடையாது. அமைச்சர் சொந்தக்காரப் பொண்ணையே ஃபெயில் பண்ணினோம்." அவர் குரல் பெருமையில் கொஞ்சம் தழுதழுத்தது.

"அந்த ரெண்டு வருஷமும் இவ எங்க ஏரியா ஸ்கூல்ல ஒன்பதும் பத்தும் படிச்சா சார். அங்க அட்டெண்டன்ஸ் இருக்கு."

"இங்கேயும் இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு ஸ்கூல்ல படிச்சு ரெண்டுலயும் முதல். அதனாலதானேம்மா மீத்திறன் மாணவின்னு சொல்றோம்."

கண்டக்டரம்மாவின் வேலையில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த நிறுத்தம் வருவதற்கு முன்னால் அந்த நிறுத்தத்தின் கணக்கை டிரிப் ஷீட்டில் எழுதிவிட்டால், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி அதே இடத்தில் விளக்கம் எழுதி வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு முறை, கூட்ட நெரிசலில், இருநூறு அடி முன்னதாக எழுதியதற்கு அவள் பதினைந்து நாள் சஸ்பென்ஷனில் இருந்திருக்கிறாள். இந்த மனிதர் பஸ்ஸை ஷெட்டிலிருந்து எடுக்காமலேயே ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறார்.

"இதை உங்க மேலிடத்துல யாரும் கேக்கலையா?"

"பாராட்டுக் கடிதம் வந்திருக்கு" என்று சுவரைக் காட்டினார். சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

போகும்போது கருத்துப் படிவம் ஒன்றைப் பட்டுவிடம் நீட்டினார்கள். முன்னாள் மாணவிகள் எல்லாரும் நிரப்ப வேண்டுமாம். 'பள்ளியில் தங்கிய காலத்தில் உங்களுக்கு மறக்க முடியாத அனுபவம் எது' என்று ஒரு கேள்வி. பட்டு கொஞ்சம் யோசித்து, 'இது' என்று எழுதிக் கொடுத்தாள்.

வராந்தாவில் ஒரு பெண் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு கேடயம். கணக்கு டீச்சர் என்று பிறகு தெரிந்தது.

"எனக்கு நல்லாசிரியர் விருது கொடுத்திருக்காங்க" என்றாள் அவள், யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்வதுபோல. "ரெண்டு வருஷப் பாடத்தையும் முடிச்சிட்டேனாம். ஒரு பொண்ணுகூட ஃபெயில் இல்லையாம். நான் இன்னும் சாக்பீஸ் பெட்டியைக்கூடப் பிரிக்கலீங்க. நாலு மணி நேரம் தூரத்துலேர்ந்து மாற்றல் வாங்கிட்டு வந்தேன், இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரணும்னு. பாடம்தான் முடிஞ்சிடுச்சே, இனி கிளாஸுக்குள்ள போகக் கூடாதுங்கறாங்க."

பட்டு அவள் மடியிலிருந்த கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டீச்சர், முடிவிலித் தொடர் நடத்தியிருக்கீங்களா எங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ரெக்கார்டுல ரொம்ப நல்லா நடத்தியிருக்கேம்மா" என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பழைய பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பன்னிரண்டு முடித்த பெண்ணைப் பதினொன்றில் சேர்க்கக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. கல்லூரிக்குப் போனார்கள். பதினைந்து வயசுப் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கச் சட்டம் ஒத்துக்கொள்ளாது. "ரெண்டு வருஷம் வீட்டுல இருக்கட்டும், வயசு வந்ததும் கூட்டிட்டு வாங்க. மார்க்தான் அருமையா இருக்கே" என்றார் கல்லூரி குமாஸ்தா.

பட்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழவில்லை. பாயைப் பிரிக்காமல் அப்படியே சுவரில் சாய்த்து வைத்தாள். அழுதிருந்தால் கண்டக்டரம்மா இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு விதியே என்று இருந்திருப்பாள். அந்தச் சுருட்டிய பாயைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. எந்தப் படுபாவி எந்த மேசையில் உட்கார்ந்து தன் பெண்ணின் இரண்டு வருஷத்தை ஒரே மூச்சில் எழுதித் தள்ளினான் என்று அவளுக்கு ஆறவே இல்லை.

பத்தாம் நாள் அழைப்பிதழ் வந்தது. தடித்த அட்டை, தங்க எழுத்து. முன்னாள் மாணவியர் பாராட்டு விழா. அமைச்சர் வருகிறார். முன்னாள் மாணவியர் சார்பில் ஏற்புரை: வரிசை எண் பதினேழு.

"போறோம்" என்றாள் கண்டக்டரம்மா. "பெட்டியை எடுத்துக்கங்க."

"விழாவுக்கு எதுக்குடி பெட்டி?" என்றார் புருஷன்.

"எடுத்துக்கங்கன்னா எடுத்துக்கங்க."

போய்ப் பார்த்தால் நாற்பது குடும்பமும் பெட்டியோடுதான் வந்திருந்தது. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஒரு தையற்காரர், ஒரு நர்ஸ், லாரி ஓட்டுகிறவர், பெரிய அலுவலகத்தில் தரை துடைக்கிற ஒரு அம்மா. எல்லாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிக்கு அடியில் வாளிகள் உருண்டன.

பள்ளிக் கல்வி இயக்குநர் முதலில் பேசினார். பட்டுச் சால்வை போர்த்திய மனிதர். மைக்கைப் பிடித்தால் விடுவதில்லை என்பது பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"இந்தப் பள்ளியைத் தொடங்கும்போது பலர் ஏளனம் செய்தார்கள். ஆசிரியர் எங்கே, ஆய்வகம் எங்கே, சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன். மீத்திறன் மாணவிக்கு ஆசிரியர் எதற்கு? தேவை என்றால் அவள் எப்படி மீத்திறன் மாணவி? உலகத்தில் பல நாடுகள் கோடி கோடியாகக் கொட்டி ஒரு அறிவாளியை உருவாக்குகின்றன. நாம் ஒரு காசு செலவில்லாமல் நாற்பது பேரை உருவாக்கியிருக்கிறோம்! வெளிநாட்டுக் குழு ஒன்று இதைக் கற்றுக்கொள்ள வருகிறது. விடுதியின் மின்கட்டணத்தைப் பாருங்கள், பூஜ்யம். இரண்டு வருடத்தில் ஒரு மாணவிக்கும் காய்ச்சல் இல்லை, ஒரு புகார் இல்லை, ஒரு தட்டு உடையவில்லை. இவ்வளவு ஒழுக்கமான பள்ளி வேறெங்கே இருக்கிறது?"

கைதட்டினார்கள். முன்வரிசை அதிகாரிகள் எழுந்து நின்றே தட்டினார்கள்.

அமைச்சர் சுருக்கமாகப் பேசினார். "நிதி ஒதுக்கினோம், அதைச் செலவழித்ததாகச் சான்றிதழும் கொடுத்து, அதைத் தொடாமலேயே சாதித்துக் காட்டிவிட்டார்கள். தொடாத பணம் சேமிப்பாகக் கருவூலத்துக்கே திரும்பியது. ஆகவே அடுத்த ஆண்டும் இந்தப் பள்ளிக்கு இதே அளவு நிதி தொடர்ந்து வழங்கப்படும் என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்." இதே அளவு என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு பட்டுவைக் கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்த தாளை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு மைக்குக்கு எக்கி நின்றாள்.

"இந்தப் பள்ளியில நான் எதுவும் படிக்கலை. இங்க எந்த ரூம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க ஒரு வேளைகூடச் சாப்பிடலை. என்னோட மார்க் நான் வாங்கினது இல்லை. எனக்கு அது வேண்டாம். எனக்குப் பதினோராம் வகுப்பு வேணும்."

கண்டக்டரம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"பார்த்தீர்களா! நூற்றுக்கு நூறு வாங்கிய பெண், எதுவும் படிக்கவில்லை என்கிறாள். இந்தப் பணிவைத்தான் இந்தப் பள்ளி இரண்டு வருடமாக அவளுக்குக் கற்றுக்கொடுத்தது!"

இதுவரை தட்டியதிலேயே அதிகமான கைதட்டல் அதற்குத்தான். பட்டுவின் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து அம்மாவிடம், "இவங்ககிட்ட உண்மையைச் சொன்னாலும் வேலைக்காகாதும்மா" என்றாள்.

"ஆமாடி. இவங்களுக்குக் காகிதம் மட்டும்தான் காது கேக்கும்" என்றாள் கண்டக்டரம்மா.

அமைச்சர் கார் கிளம்பியதும் கண்காணிப்பாளர் ஒரு கட்டுப் படிவத்தோடு பெற்றோரிடம் வந்தார். இயக்குநருக்குப் போட்டோ எடுக்கிற வேலை இன்னும் முடியவில்லை.

"ஒரே ஒரு கையெழுத்துதான். விடுதியைக் காலி பண்ணின சீட்டு. நாளைக்குத் தணிக்கை வருது, நாற்பதும் இல்லேன்னா என் கோப்பை மூட மாட்டாங்க. போட்டுட்டு நாலு மணிக்குள்ள எல்லாரும் வளாகத்தை விட்டுக் கிளம்பிடணும். முன்னாள் மாணவிகள் தங்க அனுமதி இல்லை."

தையற்காரர் அங்கேயே கிழிக்கப் போனார். கண்டக்டரம்மா அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, சீட்டை நிதானமாகப் படித்தாள். அறை எண். சாவி எண். கட்டில் நிலை. மின்விசிறி ஓடுகிறதா. குழாயில் தண்ணீர் வருகிறதா. மாணவி நேரில் பார்த்து நிரப்ப வேண்டும்.

"சார், சாவி நம்பர் கேட்டிருக்கு. சாவி எங்க?"

"அதைச் சும்மா ஏதாவது எழுதும்மா."

"ஏதாவது எழுதினா அது பொய்யாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க டெப்போவுல லாக்கரைத் திருப்பிக் கொடுக்கறதுன்னாக்கூட சாவி நம்பர் தப்பா இருந்தா வாங்க மாட்டாங்க. நாளைக்குத் தணிக்கைக்காரர் ஃபேனைப் போட்டுப் பார்த்து, ஓடலைன்னா யார் தலையில விடியும்? நேர்ல பார்த்துதான் நிரப்பணும்னு இருக்கு. பிள்ளைங்க போய்ப் பார்த்து நிரப்பட்டும். பெட்டியை வெளியே விட்டா யார் பொறுப்பு? அதையும் எடுத்துட்டுப் போகட்டும்."

கண்காணிப்பாளர் யோசித்தார். குறை சொல்ல முடியவில்லை. விதிப்படிதான் இருந்தது. விதிப்படி இருப்பதை மறுத்து அவருக்குப் பழக்கமே கிடையாது. உள்ளே போய் நாற்பது சாவியைக் கொண்டுவந்தார். வந்தவர் கூடவே பதிவேட்டையும் முத்திரையையும் எடுத்து வந்து, ஒவ்வொரு சாவியாகக் கொடுக்கும்போதே அந்தந்தப் பெயருக்கு நேரே 'காலி செய்யப்பட்டது' என்று குத்திக்கொண்டே போனார். நடக்கப் போகிறதை நடந்ததாக முன்கூட்டியே முடித்துவைப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல ஆகியிருந்தது. கண்டக்டரம்மா நாற்பதாவது முத்திரை விழுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

விழுந்ததும் விடுதி வாசலில் போய் நின்று, பஸ்ஸின் கடைசி சீட்வரைக்கும் கேட்கிற குரலை எடுத்தாள்.

"உள்ள போங்க, உள்ள போங்க! எல்லாருக்கும் இடம் இருக்கு! படியில யாரும் நிக்காதீங்க!"

நாற்பது பெண்கள், நாற்பது பெட்டி, நாற்பது வாளி. எல்லாம் உள்ளே போயின. கடைசியாகக் கணக்கு டீச்சர் வராந்தாவிலிருந்து எழுந்து வந்தாள். கேடயத்தை பெஞ்சிலேயே விட்டுவிட்டாள். கையில் சாக்பீஸ் பெட்டி இருந்தது. அவளும் உள்ளே போனதும் பெரிய கதவு சாத்தப்பட்டு, உட்பக்கத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நாலு மணி ஆகியும் கதவு திறக்கவில்லை. கண்காணிப்பாளர் தட்டினார், கெஞ்சினார், பிறகு போலீஸைக் கூப்பிட்டார். வந்த ஏட்டு நோட்டைப் பிரித்தார்.

"உள்ள எத்தனை பேர் சார்?"

கண்காணிப்பாளர் பதிவேட்டைப் பார்த்தார். "யாருமில்லை."

"அப்ப யாரை வெளியேத்தணும்?"

"நாற்பது பேரை."

"இருக்காங்கன்னு எழுதிக் கொடுங்க, இப்பவே வெளியேத்தறேன்."

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். இருக்கிறார்கள் என்று எழுதினால் போனவர்கள் போகவில்லை. போகவில்லை என்றால் சான்றிதழ் பொய். சான்றிதழ் பொய் என்றால் சுவரில் மாட்டியிருந்த பாராட்டுக் கடிதம், இயக்குநருக்கு வரப்போகிற பதவி உயர்வு, வெளிநாட்டுக் குழு எல்லாம் போச்சு. பேனாவை மூடிவிட்டார். ஏட்டு கண்டக்டரம்மாவைப் பார்த்து மீசைக்குள் சிரித்தபடி ஜீப்பில் ஏறினார். மறுநாள் வந்த தணிக்கைக்காரர், பிள்ளைகள் நிரப்பிக் கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளிவிட்டிருந்த நாற்பது சீட்டையும் எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். விடுதிப் பக்கம் அவர் போகவே இல்லை. காகிதத்தில் காலியாக இருக்கிற இடத்தை எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?

மூன்று வாரம் ஆகிவிட்டது. பெற்றோர் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நர்ஸ் வாரம் ஒருமுறை வந்து எல்லாருக்கும் நாடி பார்த்தாள். டீச்சர் தனக்குத் தெரிந்த இன்னும் மூன்று ஆசிரியர்களை வரவழைத்துவிட்டாள். அவர்களும் பாடத்தை முடித்துவிட்டதாக அரசு சொன்னவர்கள்தான், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்தார்கள். காலையில் இயற்பியல், மதியம் கணக்கு. கண்டக்டரம்மா டியூட்டி முடிந்து சாப்பாட்டுக் கேரியரோடு வரும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பலகையில் சாக்பீஸ் ஓடுகிற சத்தம் கேட்கும். அவளுக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள். கேட்கக் கேட்க அவளுக்குத் திமிராக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

அன்றைக்கு அவள் வந்தபோது வாசலில் இயக்குநரே நின்றிருந்தார். சால்வை இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். மறுநாள் வெளிநாட்டுக் குழு வருகிறதாம், காலியான விடுதியைக் காட்ட வேண்டுமாம்.

"நீங்கதானே அந்த கண்டக்டர்? இது யாருக்குச் சாப்பாடு?"

"யாருக்கும் இல்லை சார்" என்றாள் கண்டக்டரம்மா.

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு கதவை ஓங்கித் தட்டினார். மறுபடி தட்டினார். உள்ளே சாக்பீஸ் சத்தம் நின்றது.

"நான் டைரக்டர் பேசறேன்! உள்ள யார் இருக்கீங்க? மரியாதையா பதில் சொல்லுங்க!"

கதவுக்கு அந்தப் பக்கம் காலடி வந்து நின்றது. பட்டுவின் குரல், அவசரமே இல்லாமல்:

"யாருமே இல்லை சார். ரெஜிஸ்டரைப் பாருங்க. கொஞ்சம் மெதுவாத் தட்டுங்க, கிளாஸ் நடக்குது."